வெயிலில் மறையும் மீட்டர்

காரின் ஸ்பீடோமீட்டரை மூடியிருக்கும் தெளிந்த தகடு பெரும்பாலும் கண்ணாடி அல்ல; அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.49. நேராக வந்து விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை அதன் ஒவ்வொரு பரப்பும் திருப்பி அனுப்பும். முன்பரப்பும் பின்பரப்பும் சேர்ந்தால் 8 விழுக்காடு. சிறிய அளவாகத் தோன்றும் இதுதான் நடுப்பகலில் மீட்டரைத் தின்றுவிடுகிறது.

முன்கண்ணாடியைக் கடந்து வரும் வெயில் 70,000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால், அது நேராகப் படும் வெள்ளைச் சட்டை சுமார் 18,000 நிட்ஸ் ஒளிரும். மீட்டர்த் தகட்டில் தெரியும் அதன் பிரதிபலிப்பு 1,400 நிட்ஸ். பின்னால் இருப்பது 1,000 நிட்ஸ் தரும் நல்ல டிஜிட்டல் திரையாகவே இருந்தாலும், எண்ணைவிடச் சட்டையே பிரகாசமாகத் தெரியும். முள் மீட்டருக்கு இந்தத் தொல்லை குறைவு. வெயில் உள்ளே இருக்கும் முகப்பிலும் பட்டு வெள்ளை எழுத்தை ஒளியேற்றுவதால் அது ஓரளவு ஈடுகொடுக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. எண்ணைத் தேடும் ஒவ்வொரு நொடியும் அவ்வளவு தூரம் சாலையைப் பார்க்காமல் கடந்ததாகும். ஆகவே இதை அழகுக் குறையாக நினைத்து விட்டுவிடக் கூடாது.

எதையும் வாங்கும் முன் இந்தக் கண்கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய வேண்டும். வண்டியை வெயிலில் நிறுத்தி, இருக்கையில் உட்கார்ந்து, மார்பிலும் மடியிலும் ஒரு கறுப்புத் துணியைப் போட்டுப் பார்த்தால் போதும். மீட்டர் தெளிந்துவிட்டால் குற்றவாளி உடை. தெளியாவிட்டால் மீட்டரின் மேல்விளிம்பில் உள்ளங்கையை நீட்டி மறைத்துப் பார்க்க வேண்டும். இப்போது தெளிந்தால் முன்கண்ணாடி வழியே வெயில் நேராகவே தகட்டில் இறங்குகிறது. இரண்டுக்கும் மசியாத கூச்சம் பின்கண்ணாடியிலிருந்தோ பக்கத்து ஜன்னலிலிருந்தோ வரும். காலையில் சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் வண்டிக்குச் சூரியன் முதுகுக்குப் பின்னால். மாலையில் தெற்கு நோக்கி ஓட்டினால் அது ஓட்டுநர் பக்க ஜன்னலில்.

உடைதான் காரணம் என்றால் தீர்வுக்குச் செலவே இல்லை. நீண்ட பயணத்துக்கு அடர்நிறச் சட்டை, மடியில் ஒரு கறுப்புத் துண்டு. பல கார்களில் மீட்டர்த் தகட்டின் மேல்விளிம்பு ஓட்டுநரை நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு பார்வையை ஸ்டியரிங் தண்டு, மடி போன்ற இருண்ட இடங்களுக்குத் திருப்பிவிடுகிறது. வெள்ளை வேட்டியோடு உட்காரும்போது அந்த ஏற்பாடு முழுதும் வீணாகிறது.

நேர்வெயிலுக்கு நிழல்தான் மருந்து. மீட்டர் மேல் இருக்கும் கூரையை மெல்லிய கறுப்பு ஃபோம் பட்டையால் இரண்டு விரற்கடை நீட்டினால் மாற்றம் உடனே தெரியும். உயரமானவர்களுக்கு அந்தப் பட்டை மீட்டரின் மேல்பகுதியை மறைக்கலாம். எச்சரிக்கை விளக்கு ஒன்றுகூட மறையக் கூடாது என்பதால், முதலில் செலோடேப்பில் ஒட்டிச் சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு நிலையாகப் பொருத்துவது நல்லது.

அதிகம் விற்பது ஒட்டும் ஃபிலிம். இதில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்வதால்தான் பணம் வீணாகிறது. மேட் ஃபிலிம் ஒளியைக் குறைப்பதில்லை, சிதறடிக்கிறது. சட்டையின் உருவம் கலைந்து மங்குவது உண்மையான நன்மை. நேர்வெயில் பட்டாலோ தகடு முழுதும் பால் போல வெளுக்கிறது. டிஜிட்டல் எழுத்தின் ஓரங்களும் கூர்மை இழக்கின்றன. எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சுள்ள ஃபிலிம் வேறு ரகம். மூக்குக்கண்ணாடிகளில் இருக்கும் பூச்சைப் போல ஒளியலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அழிப்பது அது. முன்பரப்பின் 4 விழுக்காட்டை அது 1 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தாலும், உள்பரப்பின் 4 விழுக்காடு அப்படியே இருக்கும். ஆக மொத்தக் கூச்சத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே குறையும். சூரியனின் ஒளிர்வோ ஏறத்தாழ 160 கோடி நிட்ஸ். அதில் 1 விழுக்காடு திரும்பினாலும் எந்தத் திரையும் தாக்குப்பிடிக்காது. டிஜிட்டல் திரையில் சட்டையின் பிரதிபலிப்பு மட்டுமே தொல்லை என்றால் இந்த ஃபிலிம் வாங்கத் தகுந்தது. வளைந்த தகட்டில் சுருக்கமின்றி ஒட்டாது, விரல் ரேகையும் கூடுதலாகத் தெரியும்.

மீட்டருக்குக் கறுப்புச் சாயம் ஏற்றுவதும் உண்டு. 1989-இல் வந்த லெக்சஸ் எல்எஸ் 400 காரில் புகைநிறத் தகட்டின் பின்னால் தானே ஒளிரும் மீட்டர் இருந்தது. வெளிவெயில் சாயத்தை இருமுறை கடக்க வேண்டும், மீட்டரின் ஒளி ஒருமுறை கடந்தால் போதும் என்பதே அதன் சூட்சுமம். வெயிலை நம்பி வாசிக்கப்படும் சாதாரண முள் மீட்டரில் இதைச் செய்தால் முள்ளும் சேர்ந்து மங்கும்.

மீட்டரை விட்டு முன்கண்ணாடியில் படியும் வெளிறிய திரைக்குக் காரணம் டேஷ்போர்டின் மேற்பரப்பு. வாட்டர் சர்வீஸில் அடிக்கும் பளபளப்பு பாலிஷ், வெள்ளை விரிப்பு, பொன்னிறச் சாமி சிலை எல்லாமே கண்ணாடியில் பிரதிபலிக்கும். பளபளப்பற்ற கறுப்பு டேஷ் மேட் இதை வெகுவாக அடக்குகிறது. பந்தயக் கார்களில் டேஷ்போர்டுக்கு வெல்வெட் போன்ற தூவிப் பூச்சு இடுவதும் இதற்கே. விலையையும் பலனையும் சேர்த்துப் பார்த்தால் மேட்டை எந்த ஃபிலிமுக்கும் முன்னே வைக்கலாம். பயணி பக்க ஏர்பேக் திறக்கும் இடத்தை அது மூடாதபடி வெட்டியிருக்க வேண்டும்.

பக்க வெயிலுக்கு வழிகள் குறைவு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 100ஆவது விதி, முன், பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்கிறது. அதனால் ஜன்னலை விருப்பம்போல் இருட்டாக்க முடியாது.

தூசியும் கீறலும் வெயிலைச் சிதறடித்துக் கூச்சத்தைப் பெருக்கும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி போதும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் அக்ரிலிக்கில் நுண்வெடிப்புகளை உண்டாக்கி நிரந்தரமாக மங்கச் செய்துவிடும்.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் முன்கண்ணாடியில் படியும் அந்த வெளிறிய திரையை நன்றாகவே வெட்டுகிறது. சாய்ந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைவாக்கில் முனைவுற்றது, அதைத்தான் இந்த லென்ஸ் தடுக்கிறது. அதே காரணத்தால், கண்ணாடியில் வேகத்தைக் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளேயும் மங்கிப்போகும். எல்சிடி மீட்டர்கள் சில குறிப்பிட்ட கோணத்தில் முழுதும் கறுத்துவிடும். பணம் கொடுக்கும் முன் அந்தக் கண்ணாடியை அணிந்து, சொந்தக் காரில் ஏறி, தலையை இருபுறமும் சாய்த்து மீட்டரைப் பார்த்துவிட வேண்டும்.