பாட்டு முந்திக்கொண்ட கதை

‘ஆனந்த ராகம்’ என்று தன்னை அழைத்துக்கொள்ளும் பாட்டு சிம்மேந்திர மத்தியமத்தில் அமைந்திருக்கிறது. அது இடம்பெறும், இளையராஜா இசையமைத்த ‘பன்னீர் புஷ்பங்கள்’ (1981) படத்தை எடைபோட இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. 57ஆவது மேளம் அந்த ராகம். கீரவாணியில் சுத்த மத்தியமத்தை எடுத்துவிட்டுப் பிரதி மத்தியமத்தை வைத்தால் கிடைப்பது. காந்தாரத்திலிருந்து மத்தியமத்துக்கு ஒரு தாவல், தைவதத்திலிருந்து நிஷாதத்துக்கு இன்னொரு தாவல். ராகத்தின் ஏக்கம் முழுதும் இந்த இரண்டு இடைவெளிகளில்தான் குடியிருக்கிறது. ஊத்துக்காடு வேங்கடகவியின் ‘அசைந்தாடும் மயில் ஒன்று’ இதே ராகத்தில் ஆடிக் காட்டுவதால், இதை வெறும் சோக ராகம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆட்டத்துக்கு அடியிலும் ஒரு நெருடல் இருந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். சொல் ஆனந்தம் என்கிறது. சுரம் அதை முழுசாக ஒப்புக்கொள்ள மறுக்கிறது. பள்ளிக்கூட வயதில் முதன்முதலாக ஒருவர்மேல் மனம் போகும்போது நடப்பது இதுதானே? சந்தோஷம் வரும்போதே, இது வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயமும் கூடவே வந்துவிடுகிறது. படத்தின் திரைக்கதை இந்த இரட்டை உணர்வை எந்த இடத்திலும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லவில்லை. என் வழக்கு இந்த ஒரு புள்ளியைப் பற்றியது.

ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடம். பிரபு, உமா என்ற இரண்டு மாணவர்கள். அவர்களைப் புரிந்துகொள்ளும் ஓர் ஆசிரியர். சந்தான பாரதியும் பி. வாசுவும் ‘பாரதி-வாசு’ என்ற பெயரில் இயக்கிய முதல் படம் இது. இருவரும் ஸ்ரீதரிடம் தொழில் பயின்றவர்கள். காதலை உரக்கப் பேசாமல், முகத்தருகே நின்று பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். பின்னாளில் முன்னவர் ‘குணா’வுக்கும் ‘மகாநதி’க்கும், பின்னவர் ‘சின்னத்தம்பி’க்கும் ‘சந்திரமுகி’க்கும் போனார்கள். இந்த மென்மையின் பக்கம் இருவருமே அதிகம் திரும்பவில்லை. 1979இல் ஜார்ஜ் ராய் ஹில் இயக்கிய ‘எ லிட்டில் ரொமான்ஸ்’ இதற்குத் தூண்டுதல் என்று சொல்வதுண்டு. அந்தப் படத்திலும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இருவர், அவர்களுக்குத் துணையாக ஒரு பெரியவர். அதன் இசைக்கு ஜார்ஜ் டெலரூ ஆஸ்கர் வாங்கினார். தூண்டுதல் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. வந்ததை இவர்கள் என்ன செய்தார்கள் என்பதே கேள்வி.

என் அளவுகோலை முன்பே வைத்துவிடுகிறேன். வாசகர் அதை ஏற்கவும் மறுக்கவும் உரிமை உள்ளவர். இளவயது மனத்தை இசையைக் கொண்டு சொல்ல முற்படும் படத்தில், பாட்டை உருவி எடுத்துவிட்டால் கதையில் ஏதாவது ஒன்று உடைய வேண்டும். உடையவில்லை என்றால் பாட்டு வெறும் அலங்காரம்.

இதே மலையில் கதை நடக்கும் இந்திப் படமான ‘கர்ஸ்’ (1980) இந்தச் சோதனையில் எளிதாகத் தேறும். அதில் பாடகனான இளைஞன் கிட்டாரில் வாசிக்கும் ஒரு சிறு மெட்டுதான் முற்பிறவி நினைவின் சாவி. அதை எடுத்தால் படமே இல்லை. ஆனால் அங்கே இசை திறந்துவிடுவது பழிவாங்கலின் கதவை. முற்பிறவியைத் தவிர, அந்த இளைஞன் தன்னைப் பற்றிப் புதிதாக எதையும் அறிந்துகொள்வதில்லை. 1981இலேயே வந்த பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’யும் தேறும். நாயகி மேரி பாட்டுக் கற்க வருகிற வீடு நாயகன் விச்சுவின் வீடு, கற்றுக்கொடுப்பவர் அவன் அம்மா. சங்கீதம் என்ற ஏற்பாடு இல்லையென்றால் சாதியும் மதமும் அந்த இருவரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார விட்டிருக்காது. ஆனால் பூணூலும் சிலுவையும் கழற்றி எறியப்படும் உச்சத்துக்கு வரும்போது அந்தச் சங்கீதத்துக்கு வேலை எதுவும் மிச்சமில்லை. ‘பாய்ஸ்’ (2003) இன்னும் நேரடியானது. பெற்றோர் கைவிட்ட பிள்ளைகள் இசைக்குழு அமைத்துப் பிழைக்கிறார்கள். வாத்தியம், ஒத்திகை, வாய்ப்பு, பணம் என்று இசைக்காரப் பிள்ளைகளின் தொழிலைத் தமிழ்த் திரை அவ்வளவு வெளிப்படையாகக் காட்டியது அரிது. அந்தப் படத்தின் காதல் பார்வையோ பல இடங்களில் கூசவைக்கிறது. தொழிலைப் பிடித்தவர்கள் பருவத்தைத் தவறவிட்டார்கள்.

‘பன்னீர் புஷ்பங்கள்’ இந்த மூன்றுக்கும் எதிர்த்திசையில் நிற்கிறது. பருவத்தைப் பிடித்தது, கதையில் இசைக்கு வேலை தர மறந்தது. பாடல்களை உருவிவிட்டால் நிகழ்ச்சிகள் அப்படியே நடக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குள் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும். என் அளவுகோலின்படி இது பாதித் தேர்ச்சிதான். அந்தப் பாதியின் தரமோ மற்ற மூன்றின் முழுமையையும்விட உயர்ந்தது. அளவுகோலை வைத்தவனுக்கே இது சங்கடம்தான்.

நான்கு பாடல்கள். விடுதிச் சாப்பாட்டைத் திட்டி மாணவர்கள் பாடும் ‘வெங்காய சாம்பாரும்’ பாட்டை இளையராஜா ரசிகர்கள் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன். வீட்டைப் பிரிந்த பிள்ளை முதலில் உணர்வது சுதந்திரத்தை அல்ல, சாம்பாரின் ருசி மாறிப்போனதை. அம்மா இல்லாத ஊரில் பசியைப் பாட்டாக்கிக் கூட்டமாகக் கத்துவதுதான் அவர்களுடைய முதல் விடுதலை. காதல் இனி வரப்போகும் வெற்றிடத்தை இந்தப் பாட்டு தயார் செய்கிறது. இசையாகப் பார்த்தால் எளியது, அமைப்பில் இன்றியமையாதது.

‘கோடைகாலக் காற்றே’ மலேசியா வாசுதேவனுடையது. கிராமத்துக் கரகரப்புக்குப் பெயர்போன குரலை இங்கே அடக்கி, காற்றின் எடைக்குக் கொண்டுவந்திருக்கிறார் இசையமைப்பாளர். குரலைத் தேர்ந்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டின் பார்வை யாருடையது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரல், மே மாதங்களை மலைக்காரர்கள் ‘சீசன்’ என்பார்கள். கடைக்கு ஆள் வரும், வாடகை ஏறும், ஊட்டியின் சாரிங் கிராஸில் நடக்க இடம் இருக்காது. கோடையில் குளிர்காற்று ஓர் அதிசயமாகத் தெரிவது சமவெளியிலிருந்து வந்தவருக்கு. அந்தப் பிள்ளைகள் அங்கிருந்து வந்தவர்கள்தான். ஆகையால் பார்வை பாத்திரத்துக்குப் பொருந்துகிறது. ஊருக்குத்தான் பொருந்தவில்லை.

‘பூந்தளிர் ஆட’வைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பூங்காவுக்கு ஏறும் சாலையில் ஒருமுறை, ஒரு வீட்டு வாசற்படியில் பையன் ஒருவன் கிட்டாரில் இந்த மெட்டைத் தேடிக்கொண்டிருந்தான். பதினைந்து வயது இருக்கலாம். சுரங்கள் சரியாகவே விழுந்தன, ஆனாலும் பாட்டு வரவில்லை. ஏன் என்று நின்று கேட்டபோது புரிந்தது. ஒரு துண்டு முடிந்ததும் அடுத்த துண்டுக்கு அவன் அவசரப்பட்டான். இந்தப் பாட்டின் உயிர் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது. பல்லவி முழுதும் சின்னச் சின்னச் சொற்றொடர்கள். ஒவ்வொன்றும் சொல்லி நிறுத்தி, பதிலுக்குக் காத்திருக்கிறது. கீழே பேஸ் கிட்டார் தன் வழியில் தனியாக ஒரு கதை சொல்லிப்போகிறது. பேசத் தெரியாத இருவர் பேச முயல்வதன் இலக்கணம் இது. ஒருவர் பாதி சொல்ல, மற்றவர் மீதியைச் சொல்ல, நடுவில் கொஞ்சம் மூச்சு. கங்கை அமரனின் வரிகளும் இந்தச் சுருக்கத்துக்கு அடங்கி நடக்கின்றன. கவிதை என்று தனியே எடுத்து வைத்தால் நிற்காது, மெட்டுக்குள் இம்மி பிசகாமல் உட்காரும்.

குறையும் இதே பாட்டில்தான் இருக்கிறது. எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு அப்போது 35 வயது, எஸ். ஜானகிக்கு 43. திரையில் பதின்ம வயது முகங்கள். உமாவாக நடித்த சாந்தி கிருஷ்ணா உண்மையிலேயே அந்த வயதில் இருந்தவர். ஒலிப்பதோ காதலின் எல்லா வளைவுகளையும் அறிந்து முடித்த குரல்கள். பின்னணிப் பாட்டு மரபில் இது சகஜம் என்ற பதில் எனக்குத் தெரியும். ஆனால் தடுமாற்றத்தையே பொருளாகக் கொண்ட பாட்டை, தடுமாறவே தெரியாத இருவர் பாடுவது கலைக் கணக்கில் இழப்புதான். மெட்டில் இருக்கும் தயக்கம் குரலில் இல்லை. வாசற்படிப் பையன் மெட்டைத் தேடியதில் அந்தத் தயக்கம் கொஞ்சம் இருந்தது.

ஊட்டிப் பள்ளிக்குக் கிட்டாரும் மேற்கத்திய இசைச்சேர்க்கையும் பொருந்துமா என்று கேட்கத் தேவையில்லை. 1858இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி முதலாக இந்த மலையின் விடுதிப் பள்ளிகளில் தேவாலயப் பாடகர் குழுவும் பியானோவும் ஊறிப்போனவை. ஆசிரியராக நடித்த பிரதாப் போத்தன் அதே லவ்டேலில் படித்தவர். அந்த வளாகங்களின் நடையும் பேச்சும் அவருக்கு இயல்பாகவே வந்திருக்கின்றன. காதல் என்றதும் பிரம்பை எடுக்காத ஆசிரியர் ஒருவரைத் தமிழ்த் திரைக்குத் தந்ததற்காக இயக்குநர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் படத்தின் அமைப்புப் பிழையும் அவர்தான். வீட்டின் எதிர்பார்ப்பிலிருந்து விலகிவந்த பிள்ளைகள் தாங்களே கண்டடைய வேண்டியதை, புரிதலுள்ள ஒரு பெரியவரின் வாய் சொல்லிவிடுகிறது. கண்டிப்பான அப்பாவுக்குப் பதில் கனிவான ஆசிரியர். ஆள் மாறியிருக்கிறார், முடிவு சொல்லும் உரிமை பெரியவர்களிடமே இருக்கிறது. இளையராஜாவே பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு மேடை மேடையாய்ப் போனவர். அந்த வயது தன்னைத்தானே எவ்வளவு தூரம் கண்டுகொள்ளும் என்பது அவர் இசைக்குத் தெரிந்திருக்கிறது. திரைக்கதை அவ்வளவு நம்பவில்லை.

ஊரைப் பற்றி ஒரு குறிப்பு. 1964இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட இந்திய வம்சாவளித் தமிழர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலத்தில் வந்த படம் இது. அவர்களுக்கென்றே உருவான அரசுத் தேயிலைத் தோட்ட அமைப்பான டான்டீ, 1976இல் தனி நிறுவனமாயிற்று. பிறந்த ஊரை விட்டு இந்த மலைக்கு வந்த பதின்ம வயதினர் அன்று இங்கே நிறையப் பேர் இருந்தார்கள். படுகர்கள், தோதவர்கள் வீட்டுச் சடங்குகளுக்குக் கோத்தர்கள் குழலும் முழவும் வாசித்துவந்த நெடிய இசை மரபும் இதே மலையில்தான் இருக்கிறது. இவை இல்லை என்பதற்காக ஒரு விடுதிப் பள்ளிக் காதல் கதையைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. எடுத்துக்கொண்ட வட்டத்துக்குள் அது நேர்மையாகவே நிற்கிறது. நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகளாகத் தமிழ்த் திரை அந்த வட்டத்தை விட்டு வெளியே வரவில்லை என்பதுதான் என் புகார். அது இந்தப் படத்தோடு நிற்கும் புகார் அல்ல.

தீர்ப்பு: படம் இரண்டாம் வரிசையில், நேர்மையானவற்றுக்கு நடுவே. பாடல்கள் முதல் வரிசையில். ‘அலைகள் ஓய்வதில்லை’யின் துணிச்சல் இந்தப் படத்துக்கு இல்லை, அந்தப் படத்திடம் இல்லாத கூச்சம் இதற்கு இருக்கிறது. முதல் காதலைச் சொல்ல இந்தக் கூச்சமே உண்மையான கருவி என்று நான் நினைக்கிறேன்.

நான்கு பாடல்களில் பெண் குரல் தனித்து ஒலிப்பது ‘ஆனந்த ராகம்’ ஒன்றில்தான். முந்தின ஆண்டு ‘நிழல்கள்’ படத்தில் ‘பூங்கதவே’ பாடிய உமா ரமணன், இங்கே வேறொரு வேலை செய்திருக்கிறார். வயலின்கள் மூச்சுவாங்க ஓடிக்கொண்டிருக்க, அவர் ஓடாமல் பாடுகிறார். கொஞ்சல் இல்லை, குழைவு இல்லை, சிறுமியாக நடிக்கும் முயற்சியும் இல்லை. ‘பூந்தளிர் ஆட’வில் நான் தேடிக் கிடைக்காத அந்த வயது, நடிப்பு எதுவும் இல்லாத இந்தக் குரலில் கிடைக்கிறது. மேல் நிஷாதத்தைத் தொடும்போது அவர் அதை அலங்கரிப்பதில்லை; நேராகப் போய் நிற்கிறார், இறங்குகிறார். திரைக்கதை தன் நாயகி உமாவுக்கு இப்படி நிற்க ஓர் இடம் தந்திருந்தால், முதல் வரிசையில் இன்னொரு நாற்காலி போட்டிருப்பேன்.