கண்ணீரும் கடவுச்சீட்டும்

தொல்காப்பியர் அகத்திணையியலிற் பிரிவினை வகுக்குமிடத்து, கடல்வழிச் செலவு மகளிரோடு கூடியதன்று என விதி செய்தார். பொருள் தேடிப் பிரிபவன் தலைவன், ஆற்றியிருப்பவள் தலைவி. இம்மரபு நெடுங்காலம் நம் இலக்கியத்தை ஆண்டது. ஆயின், மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், இந்நாளிற் காண்பது இதற்கு மறுதலையான காட்சியாகும். போரும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலையும், நுண்கடனும் வறிதாக்கிய இல்லங்கள் பலவற்றினின்று பொருள்வயிற் பிரிபவள் தாய். பிள்ளைகளோடு ஆற்றியிருப்போர் தந்தையும் அம்மம்மாவும். குவைத்தும் சவூதி அரேபியாவும் ஓமானும் இவ்வூர்ப் பேச்சில் அயலூர்ப் பெயர்கள் போல் வழங்குகின்றன. இப்பிரிவினை நம் இலக்கியம் எங்ஙனம் நோக்கிற்று, அரசின் விதி எங்ஙனம் நோக்கிற்று, இவ்விரு நோக்கிலும் உள்ள குறை யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

கடல்கடந்த நம் பெண்களின் துயரைப் பாடியவருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் பாரதியார். ‘கரும்புத் தோட்டத்திலே’ என்னும் அவரது பாடல் பிஜித் தீவின் தோட்டங்களில் உழைத்த பெண்களுக்காக இரங்குவது. கேட்போர் உள்ளத்தை உருக்குவதில் அதற்கு நிகர் அரிது. எனினும், அதில் வரும் பெண்கள் பெயரற்றோர். அவர்களை அழைத்துச் சென்றவர் யார், எந்தத் தாளிற் கைநாட்டு வைத்தனர் என்பன பாடலின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இசைப்பாட்டினிடம் இவற்றை வேண்டுதல் முறையன்று என்பார் உளர், அது ஒக்கும். ஆயின், பின்வந்தோர் பலர் அப்பாட்டையே அளவுகோலாகக் கொண்டு, புலம்பெயர்ந்த பெண்ணைக் கண்ணீருக்கு மட்டும் உரியவளாக்கியமை குறையேயாம்.

இக்குறையை ஒருபடி கடந்தவர் புதுமைப்பித்தன். 1930களில் அவர் எழுதிய ‘துன்பக்கேணி’ மருதி என்னும் பெண்ணுக்குப் பெயரும் ஊரும் உறவும் தந்து, திருநெல்வேலிச் சீமையின் சிற்றூரிலிருந்து அவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த வழியைக் காட்டுகின்றது. துன்பம் விதியால் வந்ததன்று, ஆள்திரட்டும் மனிதரால் வந்தது என்னும் உண்மை அக்கதையிற் புலனாகின்றது.

ஈண்டு ஒன்று நினைக்கத்தக்கது. பிஜிக்குச் சென்றோர் கள்ள வழியிற் சென்றவரல்லர். 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ அறுபதாயிரவர் இந்தியாவினின்று ஆங்கிலேய ஆட்சியின் சட்டப்படி ஒப்பந்தத்திற் சென்றனர். இலங்கைத் தோட்டங்களிலும் ‘துண்டு’ முறை வெளிப்படையாக வழங்கியது. கடன் நிலுவையைக் குறித்த துண்டு கையில் இன்றித் தொழிலாளி ஒரு தோட்டம் விட்டு மறுதோட்டம் புகுதல் இயலாது. 1921இலேயே அம்முறை ஒழிக்கப்பட்டது. ஆகவே, முறையான வழி இன்பத்தது, முறைகேடான வழி துன்பத்தது எனப் பகுத்தல் பொருந்தாது. வேலை கொடுத்தவனை விட்டு நீங்கும் உரிமை உண்டா என்பதே உரைகல். அரபு நாடுகளின் ‘கஃபாலா’ முறையைத் துண்டின் உடன்பிறப்பு எனலாம். 2021 மார்ச்சில் சவூதி அரேபியா அதனைத் தளர்த்தியபோதும், வீட்டுப் பணியாளர் அச்சலுகைக்குப் புறம்பாகவே நின்றனர்.

இனி நம் அரசின் விதியை நோக்குவாம். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றார். அவர் பிறந்த ஆண்டு 1988. கடவுச்சீட்டிற் குறித்த ஆண்டோ 1982. அவர் பொறுப்பிலிருந்த குழந்தை இறந்தமைக்காக 2013 ஜனவரி 9ஆம் நாள் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. பொய் வயதே அவரைக் கடல்கடத்தியது. அதற்கு அரசு தேடிய மருந்தோ வயதெல்லையைக் கூட்டுதல்: சவூதிக்கு 25 வயது எனப்பட்டது. அவ்வாண்டிலேயே குடும்பப் பின்னணி அறிக்கையும் வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் செல்லலாகாது என்றாயிற்று. ஆண்களுக்கு இவ்வறிக்கை வேண்டப்படவில்லை. வேலியை உயர்த்தினாரேயன்றி, ஆள் நுழைந்த பொத்தலை அடைத்தாரல்லர்.

தாயைப் பிரிந்த பிள்ளைகளின் நிலை கருதியே இவ்விதி எழுந்தது என்பர். அக்கருத்தை இகழ்தல் தகாது. பிள்ளைகளின் ஏக்கத்தை இவ்வூர் ஆசிரியர் அறிவர். ஆயினும், தடை கடனைத் தீர்ப்பதில்லை. அறிக்கை மறுக்கப்பட்டவளுக்கு உபமுகவர் சுற்றுலா விசாவைக் காட்டுகின்றார். பணியகத்திற் பதிவின்றிச் செல்பவளுக்கு ஒப்பந்தமில்லை, காப்புறுதியில்லை. சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பெண்களின் அவலம் 2022 நவம்பரில் நாடறிய வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பிள்ளையின் வயது இரண்டாகவும், செல்பவளின் வயது 21 ஆகவும் குறைக்கப்பட்டன. அந்நியச் செலாவணி அருகிய காலத்தில் அத்தளர்வு வந்தது. தாயின் உரிமை கருதி இறுக்கியதுமில்லை, அவளுரிமை கருதித் தளர்த்தியதுமில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இலக்கியம் அவளுக்காக அழுதது. அரசு அவளுக்காக முடிவுசெய்தது. இரண்டும் அவளைக் கேட்கவில்லை. ஊர்தோறும் உலவும் உபமுகவரைப் பொறுப்புக்குட்படுத்துதல், ஒப்பந்தத்தை அவள் வாசிக்கும் தமிழில் தருதல், கடவுச்சீட்டை அவள் கையிலேயே இருக்கச் செய்தல், பணியிடம் விட்டு நீங்கும் உரிமையை நாடுகளிடையே உடன்படிக்கையாக்குதல் ஆகியனவே மெய்யான காவலாம். எழுதப் புகும் இளைஞரும் திரும்பிவந்த அத்தாய்மாரின் வாய்மொழியை முதலிற் கேட்டு, பின்னர் எழுதுவாராக. கடலுக்கப்பால் வளைகுடாவையும் தன் உழைப்பையும் அளந்தறிந்த அவளிடம், நாம் பாடக் கேட்டதினும் மிகுதியாகச் சொல்வதற்கு உண்டு.