தோற்ற வோட்டு

விக்டர் ஹ்யூகோவை நம் வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. சுத்தானந்த பாரதியாரின் 'ஏழைபடும் பாடு' மூலம் அவர் நம் வீட்டு மனிதராகவே ஆகிவிட்டார். ஆனால் அவருடைய கடைசி நாவலான 'தொண்ணூற்று மூன்'றைப் பற்றி இங்கே அவ்வளவாகப் பேச்சில்லை. இன்டர்மீடியட் வகுப்பில் இருந்தபோது அதை ஆங்கிலத்தில் படித்துவிட்டு ஓர் இரவு முழுவதும் தூக்கமின்றிப் புரண்டேன். சென்ற மாதம் மறுபடி படித்தேன். இந்தத் தடவை நன்றாகவே தூங்கினேன். குற்றம் ஹ்யூகோவின் மீதா, என் வயதின் மீதா?

1793-ம் வருஷம். பிரான்ஸில் அரசனின் தலை உருண்டாயிற்று. குடியரசுக்கு இன்னும் ஒரு வயது நிரம்பவில்லை. வாந்தே பிரதேசத்தில் மன்னர் கட்சிக் கலகம் நடக்கிறது. அதன் தலைவன் லாந்தனாக் என்ற கிழப் பிரபு, ஈவிரக்கமற்றவன். முற்றுகையிலிருந்து தப்பிவிட்ட அவன், தீயில் சிக்கிய மூன்று குழந்தைகளின் தாய் அலறுவதைக் கேட்டுத் திரும்பி வருகிறான். குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டுப் பிடிபடுகிறான். குடியரசுத் தளபதி கோவேனுக்கு மனம் கேட்கவில்லை. கிழவனைத் தப்பவிட்டு, அவன் இடத்தில் தான் சிறையில் உட்காருகிறான். கோவேனை வளர்த்த குரு சிமூர்தேன், முன்னாள் பாதிரி. அவனே நீதிபதி. சிஷ்யனுக்கு மரண தண்டனை விதிக்கிறான். கத்தி இறங்கும் அதே கணத்தில் தன்னையும் சுட்டுக்கொள்கிறான்.

அபாரமான முடிவுதான். என் நாவல் ஒன்றில் நானும் இப்படி ஒருவனை மகத்தாகச் சாகடித்தேன். வாசகர்கள் கண்ணீர்க் கடிதங்கள் எழுதினார்கள். இப்போது அதைப் புரட்டினால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. செத்தவனிடம் யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆசிரியனுக்கு அது ரொம்ப சௌகரியம்.

அனதோல் பிரான்ஸ் 1912-ல் எழுதிய 'தேவர்களுக்குத் தாகம்' இந்தச் சௌகரியத்தை மறுத்த நாவல். அதே பயங்கர காலந்தான். கமலேன் என்ற ஏழைச் சித்திரக்காரன், பசித்த தாய் ஒருத்திக்குத் தன் ரொட்டியில் பாதியை அறுத்துக் கொடுக்கிறான். அவனே புரட்சி நீதிமன்றத்தில் ஜூரியாகிறான். தன் காதலியை முன்பு கெடுத்தவன் என்று வெறும் சந்தேகத்தில் ஒருவனைக் கொலைக்களத்துக்கு அனுப்புகிறான். பொம்மை செய்து பிழைக்கும் கிழவர் ப்ரோத்தோவும் தப்பவில்லை. கடைசியில் கமலேனுக்கும் அதே கத்திதான். காதலி எலோடி வேறொருவனை வரவழைத்து, போகும்போது சத்தமில்லாமல் எப்படி வெளியேறுவது என்று கமலேனுக்குச் சொன்னதையே அவனுக்கும் சொல்கிறாள். கொலைகாரன் அசுரனாக இருக்க வேண்டியதில்லை, ரொட்டியைப் பகிர்ந்தவனாகவும் இருக்கலாம் என்பதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன நாவல் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

அப்படியானால் ஹ்யூகோ தோற்றாரா? அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். சரித்திரம் கையைப் பிடித்துக்கொண்டது.

அவர் புத்தகம் வெளிவந்தது 1874-ல். முதல் குடியரசை ஒரு நெப்போலியன் விழுங்கினான். 1848-ல் பிறந்த இரண்டாவதை, ஜனங்களே வோட்டுப் போட்டுத் தலைவனாக்கிய அவன் தம்பி மகன் 1851-ல் விழுங்கினான். ஹ்யூகோ நாட்டை விட்டு ஓடி, 1870-ல்தான் திரும்பினார். அந்த வருஷம் பிறந்த மூன்றாவது குடியரசுக்கு 1874-லும் அரசியல் சட்டமில்லை. சபையிலே மன்னர் கட்சிக்காரர்கள் நிறையப் பேர். கடைசியில் 1875 ஜனவரி 30-ந் தேதி, 'குடியரசின் தலைவர்' என்ற சொல் சட்டத்தில் ஏறியது. ஆதரவு 353, எதிர்ப்பு 352. ஒரே வோட்டு! வீரர்கள் ரத்தம் சிந்தியும் நிலைக்காததை ஒரு கை தூக்கல் நிலைக்க வைத்தது. 1940 வரை அது நின்றது.

இதை நினைத்துக்கொண்டே ஹ்யூகோவின் விசாரணைக் காட்சியை மூன்றாம் முறை படித்தேன். அங்கேயும் வோட்டுத்தான். மூன்று நீதிபதிகள்: இருவர் மரணம் என்கிறார்கள்; ராதூப் என்ற சார்ஜண்ட் மட்டும் விடுதலை என்கிறான். படிப்பில்லாத சிப்பாய். கிழவன் குழந்தைகளைக் காத்தது நல்லது, தளபதி கிழவனைக் காத்ததும் நல்லது, நல்லது செய்தவனை எதற்குக் கொல்வது என்பதற்கு மேல் அவனிடம் தத்துவம் கிடையாது. ஒரு வோட்டில் தோற்கிறான். ஆனால் அவன் யாரையும் சுட்டுக்கொள்ளவில்லை, தன்னையும் சுட்டுக்கொள்ளவில்லை.

இளமையில் என் கண்ணில் அவன் படவே இல்லை. சிலைகளுக்கு நடுவே நின்ற அந்த ஒரே மனிதனை ஹ்யூகோ போகிற போக்கில் படைத்துவிட்டார். ஆனால் வாழ்க்கையில் அவர் சிமூர்தேனாக இருக்கவில்லை, ராதூபாகத்தான் இருந்தார். 1871-ல் பாரிஸ் கம்யூனில் கலகம் செய்தவர்களுக்கு மன்னிப்புக் கோரி 1876-ல் செனட் சபையில் பேசினார், தோற்றார். பிறகும் விடவில்லை. 1880-ல் முழு மன்னிப்பு வந்தது.

அனதோல் பிரான்ஸ் கமலேனைக் காட்டி நம்மை எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கை அவசியம். ஆனால் அவர் நாவலில் மறுத்து வோட்டுப் போடுகிறவன் ஒருவன் என் மனத்தில் நிற்கவில்லை. ஹ்யூகோவின் ஆரவாரத்துக்கு நடுவே ஒருவன் நிற்கிறான். அவனுக்காக இரண்டு பிரேதங்களையும் நான் மன்னித்துவிடுகிறேன். என் நாவலில் அப்படி ஒருவன் இல்லையே என்பதுதான் இப்போது என் வருத்தம்.