சின்ன யாக்கோபின் கால்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிகிற நேரத்தில், சென்னையின் ஏதாவது ஒரு பழைய சர்ச் வாசலில் நின்று பாருங்கள். இளசுகள் பைக்கைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிடும். எழுபதைத் தாண்டியவர்கள் மட்டும் வேப்பமர நிழலில், சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு அரை மணி நேரம் பேசுவார்கள். சுகர், மருமகள், பென்ஷன்... இந்த மூன்றைத் தாண்டி என்ன பேசிவிடப் போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு டீச்சரம்மாவை அழைத்துவரப் போன அன்றைக்கு, பெஞ்சில் இருந்த நான்கு பேரும் ஒரு டி.வி. தொடரைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். 'தி சோஸன்'. இயேசுவையும் சீஷர்களையும் பற்றிய அமெரிக்கத் தொடர். பேரப் பிள்ளைகள் போனில் ஆப்பை இறக்கிக் கொடுக்க, காசு செலவில்லாமல் பார்க்கிறார்கள்.

"இது வேதத்துல எங்க இருக்கு, சொல்லுங்க டீச்சர்" என்றார் ரயில்வேயில் ரிட்டயரான பெரியவர்.

"இல்லதான் அண்ணாச்சி. அதுக்காக நடந்திருக்காதுன்னு சொல்லிட முடியுமா?"

டி.வி. விமர்சனம் எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா? அன்று ராத்திரியே நானும் பார்க்க உட்கார்ந்தேன்.

பி.காம். படித்த புத்தி, முதலில் வரவு செலவைத்தான் பார்த்தது. இயக்குநர் டல்லாஸ் ஜென்கின்ஸ். 2017-ல் அவர் எடுத்த சினிமா ஊற்றிக்கொண்டது. நொந்துபோன மனுஷன், தன் சர்ச்சின் கிறிஸ்துமஸ் ஆராதனைக்காக ஒரு குறும்படம் எடுத்தார். அது இன்டர்நெட்டில் பரவியது. 'இதையே தொடராக எடுக்கிறேன், பணம் போடுகிறீர்களா?' என்று கேட்டார். 16,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு மேல் போட்டார்கள். காணிக்கை இல்லை ஸ்வாமி, முதலீடு! 2019-ல் முதல் சீஸன், 2025-ல் ஐந்தாவது. மொத்தம் ஏழு என்று திட்டம்.

கதைக்குள்ளும் கணக்கு வழக்கு உண்டு. பேதுரு இதில் வரி பாக்கியில் கழுத்துவரை மூழ்கிய மீனவர். படவு கொள்ளாமல் மீன் சிக்குகிற அந்த அற்புதம், அவருக்கு ஒரு லோன் செட்டில்மென்ட்டும்கூட! ஊரே காறித் துப்புகிற ஆயக்காரன் மத்தேயுவாக நடிப்பவர் பாரஸ் பட்டேல் என்ற இந்திய வம்சாவளி இளைஞர். எண்களோடு சுலபமாகப் பழகி, மனிதர்களோடு பழகத் தெரியாமல் தவிக்கிற, ஆட்டிஸம் சாயலுள்ள பாத்திரம். மலைப் பிரசங்கத்தை இயேசு இந்த மத்தேயுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தயார் செய்கிறார். கணக்குப்பிள்ளைக்கு ஒரு தொடரில் இத்தனை மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு. சீஷர்கள் அடிக்கிற கிண்டலைக் கேட்டால் கப்பர்நகூம் ஞாபகம் வரவில்லை, அமெரிக்க காலேஜ் ஹாஸ்டல் ஞாபகம்தான் வருகிறது. சில எபிசோடுகளில் நம்மூர் மெகா சீரியல் தோற்றுப்போகிற இழுவை. ஆனால் கானாவூர் கல்யாணத்தில் கூட்டத்தோடு சேர்ந்து ஆடுகிற, சிரிக்கிற இயேசுவாக வரும் ஜோனதன் ரூமி, இந்த இழுவையைக்கூட மன்னிக்க வைத்துவிடுகிறார்.

சரி, பெஞ்சில் அன்று எதைப் பற்றிச் சண்டை? மூன்றாவது சீஸனின் இரண்டாவது எபிசோடு.

சீஷர்களை இரண்டிரண்டு பேராக ஊர்களுக்கு அனுப்புகிறார் இயேசு. நோயாளிகளைக் குணமாக்கும் வல்லமையையும் கொடுக்கிறார். சின்ன யாக்கோபு கோலை ஊன்றி, விந்தி விந்தி நடப்பவர். (நடிகர் ஜோர்டன் வாக்கர் ராஸுக்கு நிஜமாகவே செரிப்ரல் பால்சி. அந்த நடை நடிப்பல்ல.) அவர் தயங்கித் தயங்கித் தனியாக வந்து கேட்கிறார். ஊரார் நோயைத் தீர்க்க என்னை அனுப்புகிறீர்களே, என் காலை ஏன் நீங்கள் குணமாக்கவில்லை?

இயேசு அவரைக் குணமாக்குவதில்லை. குணமாகாத காலோடு நீ போய்ச் சொல்கிற சாட்சிக்குத்தான் கனம் அதிகம் என்கிறார். குணமாகும் நாளும் வரும் என்கிறார். யாக்கோபு அதே காலோடு கிளம்பிப் போகிறார்.

"இப்படி ஒரு பேச்சு நாலு சுவிசேஷத்துலயும் கிடையாது" என்பது அண்ணாச்சி கட்சி. "பவுலுக்கும் சரீரத்துல ஒரு முள் இருந்துச்சே, அது கடைசிவரைக்கும் போகலையே?" என்பது டீச்சர் கட்சி.

அண்ணாச்சி விடவில்லை. நான்காவது சீஸனுக்குத் தாவினார். "தோமாவுக்கு ஒரு பொண்ணை நிச்சயம் பண்றான். அந்தப் பொண்ணை ரோமாக்காரன் கையால கொல்றான். லாசரு எழுந்து வந்தான், இவ ஏன் வரலைன்னு தோமாவை அழ வைக்கிறான். இல்லாத பொண்ணை உண்டாக்கி, கொன்னு, நம்மளையும் அழ வைக்கிறது சினிமாக்காரன் வேலைதானே?"

என் ஓட்டு இந்த விஷயத்தில் அண்ணாச்சிக்கு. ராமா என்ற அந்தப் பெண் சாவதற்காகவே படைக்கப்பட்டவள். அவள் சாவில் கதாசிரியரின் கை தெரிகிறது. சின்ன யாக்கோபு விஷயத்தில் ஓட்டு டீச்சருக்கு. அங்கே கண்ணீருக்காக யாரையும் கொல்லவில்லை. ஏற்கெனவே கண்ணெதிரே இருக்கிற ஒரு காலைப் பார்த்து, எல்லோர் மனதிலும் இருக்கிற ஒரு கேள்வியை எழுப்புகிறார்கள். வேதத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று கேட்டால், இந்த வித்தியாசத்தைத்தான் நான் பதிலாகச் சொல்வேன். டி.வி.யைத் திருப்பினால் குருடர் பார்க்கிறார், முடவர் நடக்கிறார் என்று சாட்சி மேல் சாட்சி. நடக்காமல் போனவருக்கு யார் மைக் கொடுத்தார்கள்?

காரில் திரும்பும்போது டீச்சரம்மா கொஞ்ச தூரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார். அவர் கணவர் பக்கவாதத்தில் ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தார். ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எதுவும் நடக்கவில்லை. 'வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைச்சல்' என்று மேடையில் இருந்தவர் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தது இவர் ஒருவர்தான்.

"அந்தப் பையனுக்கு இயேசு சொன்ன பதில் எனக்கு முழுசாப் பத்தல தம்பி. கொஞ்சம் நீளமாவும் பேசிட்டார்" என்றார் டீச்சரம்மா. "ஆனா, கேட்டதுக்கு அவனைத் திட்டல பாருங்க... அது போதும் எனக்கு."