பாலையாவின் பயம்

ஹாஸ்யமும் பயானகமும் ஒன்றுக்கொன்று பகையான ரஸங்கள் என்பது வடமொழி அலங்கார சாஸ்திரிகளின் தீர்ப்பு. ‘சாஹித்ய தர்ப்பணம்’ இயற்றிய விசுவநாதர் இந்தப் பகையை ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைத்திருக்கிறார். அஞ்சி நடுங்குகிறவனுக்குச் சிரிப்பு வராது என்ற உலக அநுபவமும் அவர் பக்கமே சாட்சி சொல்கிறது. ஆனால், அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காச்மீரத்து ஆனந்தவர்த்தனர் பகை ரஸங்களை ஒரே காவியத்தில் குடிவைப்பதற்கு ஒரு வழி கண்டிருந்தார்: இரண்டுக்கும் ஆசிரயம் வெவ்வேறாக இருக்கட்டும்; வீரம் நாயகனிடத்திலும் அச்சம் அவன் பகைவனிடத்திலும் தங்கிவிட்டால் சண்டைக்கு இடமில்லை. இந்தச் சமாதானத்துக்கு நான் அறிந்தவற்றுள் சிறந்த உதாரணம் எந்த மகாகாவியத்திலும் இல்லை. 1964-இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’யில், ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ அதிபர் செல்லப்பா தம் தகப்பனாரை எதிரே வைத்துக்கொண்டு படக்கதை சொல்லுகிறாரே, அந்தச் சில நிமிஷங்களில் இருக்கிறது.

காட்சியில் பேய் வருவதில்லை. கதை என்று சொல்லும்படியாகவும் உருப்படியான ஒன்று கிடையாது. இருளும், ஓசைகளும், நெருங்கி வருகிற ஏதோ ஒன்றும்தான் உண்டு. மெலிந்த தேகத்தையும் நீண்ட விரல்களையும் தொண்டையையும் தவிர வேறு சாதனம் எதுவும் இல்லாத, செல்லப்பாவாக வரும் நாகேஷ், வார்த்தை தீர்ந்த இடத்தில் ஓசையையும், ஓசை தீர்ந்த இடத்தில் மௌனத்தையும் வைத்து அந்த ஒன்றை அடி அடியாக நடத்தி வருகிறார். தகப்பனாராக வரும் டி. எஸ். பாலையாவோ, 1936-இல் ‘சதி லீலாவதி’யில் வில்லனாகத் திரைக்கு வந்து, எத்தனையோ படங்களில் பிறரை மிரட்டிப் பழகியவர், அப்படிப்பட்டவர் இங்கே தம் சரீரம் முழுவதையும் பயத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு, கண்களை அகற்றவும் முடியாமல், எழுந்து போகவும் மனமில்லாமல், மகன் வாயைப் பார்த்தபடி இருக்கிறார். சிரிப்பு மூட்ட வேண்டும் என்ற எண்ணத்தின் சாயைகூட அவர் முகத்தில் படிவதில்லை. அச்சம் அவரிடத்தில் இருக்கிறது; நகைப்பு நம்மிடத்தில் இருக்கிறது. நடுவிலே நிற்கும் நாகேஷிடத்தில் இரண்டும் இல்லை. தன் சரக்கு நன்றாக வந்துகொண்டிருக்கிறதா என்ற தொழிலாளியின் கவலை ஒன்றே அவரிடம் தெரிகிறது. இந்த மூவரில் ஒருவர் ஒரு கணம் தம் இடம் பிசகி, பாலையா கண்சிமிட்டியிருந்தாலும் சரி, நாகேஷ் உதட்டோரம் சிரித்திருந்தாலும் சரி, காட்சி அங்கேயே சரிந்திருக்கும்.

அமெரிக்காவில் இத்தகைய செல்லப்பாக்களுக்குத் தொலைக்காட்சியில் நிரந்தர உத்தியோகமே இருந்தது. 1957-இல் ஸ்கிரீன் ஜெம்ஸ் என்ற நிறுவனம், யுனிவர்சல் ஸ்டுடியோவின் பழைய படங்கள் 52-ஐ ‘ஷாக்’ என்ற பெயரில் ஒரு தொகுப்பாக்கி உள்ளூர் நிலையங்களுக்கு விற்றது. விளம்பர இடைவேளைகளைச் சும்மா விட மனமில்லாத அந்த நிலையங்கள், ஆளுக்கொரு சவப்பெட்டியும் கறுப்பு அங்கியும் கொடுத்து உள்ளூர்க்காரர் ஒருவரைக் காமிராவின் முன் நிறுத்தின. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே லாஸ் ஏஞ்சலீஸில் மைலா நுர்மி என்ற நடிகை ‘வாம்பைரா’ என்னும் பெயரில் இதற்கு வழி காட்டியிருந்தார். சிகாகோவில் 1979-இல் இந்த வேலைக்கு வந்த ரிச் கோஸ் என்பவர், ரப்பர்க் கோழிகள் எறியப்படுவதைத் தாங்கிக்கொண்டு, ‘ஸ்வெங்கூலி’யாக இந்தப் பரம்பரையை நடத்தி வருகிறார். படத்துக்கும் பார்வையாளனுக்கும் நடுவே உட்கார்ந்து, படத்தைக் கேலி செய்துகொண்டே, அதை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் தூங்க வேண்டும் என்று நம்மைக் கட்டிப் போடுவது இவர்கள் வித்தை. இவர்கள் விரும்பிக் காட்டும் படங்களுள் ஒன்றான ‘ஆபட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்’ 1948-இல் வந்தது. அதில் டிராகுலாவாக வரும் பேலா லுகோசி, தாம் ஒரு ஹாஸ்யப் படத்தில் நடிப்பதையே அறியாதவர்போல, ஆரம்பம் முதல் முடிவு வரை கௌரவம் குறையாத டிராகுலாவாகவே இருக்கிறார். பூதங்கள் மெய்யாகவே பூதங்களாக இருப்பதனால்தான் காஸ்டெல்லோவின் நடுக்கம் நமக்குச் சுவையாகிறது.

நம் தேசத்தில் படத்தை இப்படி மடியில் வைத்துக் கொஞ்சிக் காட்டும் நள்ளிரவு ஆசாமி யாரும் ஏற்படவில்லை. பம்பாய்த் தூர்தர்ஷன் 1972-இல் தொடங்கி, மறு வருஷம் சிங்ககட் மலைமேல் நிறுவிய கோபுரத்தின் வழியாகப் புணேயை எட்டியபோது, சனிக்கிழமை மாலை மராத்திப் படமும் ஞாயிறு மாலை இந்திப் படமும் வந்தன. அவற்றின் முன்னால் ஓர் அறிவிப்பாளர் அம்மையார் படத்தின் பெயரை அடக்கமாகச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆசாமி இல்லாத குறை இங்கே யாருக்கும் உறைக்கவில்லை. ஏனென்றால் அவனுடைய வேலையை நெடுங்காலமாகச் செய்துவந்த வேறொருவன் நம்மிடம் இருந்தான்.

அவன்தான் கீர்த்தனகாரன். நாரதீய கீர்த்தனம் மராட்டியரின் பெருங்கலைகளுள் ஒன்று. ஒரே ஆள் நின்றுகொண்டு, அரக்கனாகவும் அரக்கனைக் கண்டு நடுங்குகிறவனாகவும் கணத்துக்கொரு வேஷம் மாறி, நடுவே சபையைப் பார்த்து உள்ளூர் விஷயம் ஒன்றைக் கிண்டலும் செய்துவிட்டு, கதையை விட்ட இடத்தில் தொடுவது அதன் இலக்கணம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில், புணே ஜில்லாவிலுள்ள மோர்காவ் என்னும் கணபதி க்ஷேத்திரத்தைத் தம் பெயரில் தாங்கிய ராமசந்திர மோர்காவ்கர் பாவா தஞ்சாவூருக்கு வந்து கீர்த்தனம் செய்தார். அதைக் கேட்டுக் கிளர்ந்த ஆர்வத்தில்தான் தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் தமிழ்நாட்டுக் கதாகாலட்சேபத்துக்கு அதன் பூரண வடிவத்தைக் கொடுத்தார் என்பது சங்கீத சரித்திரம். செல்லப்பா கையை வீசி, குரலை மாற்றி, கேட்பவரின் முகத்தை ஓரக்கண்ணால் அளந்துகொண்டு கதை சொல்லும்போது, நான் காண்பது ஒரு பாகவதரைத்தான். பின்பாட்டுக்காரரும் மிருதங்கமும் இல்லாமையால், அந்த வேலையையும் அவரே வாயால் செய்துகொள்கிறார்.

மராட்டியரிடம் வாங்கிய இந்தக் கடன் வட்டியோடு திரும்பியதுதான் வேடிக்கை. ஸ்ரீதரே 1966-இல் அந்தப் படத்தை ‘பியார் கியே ஜா’ என்று இந்தியில் எடுத்தார். ‘ஓஹோ’ அங்கே ‘வாஹ் வாஹ்’ ஆயிற்று. ஓம் பிரகாஷுக்கு மெஹ்மூத் கதை சொன்னார். ஃபிலிம்ஃபேர் நிறுவனத்தார் நகைச்சுவை நடிப்புக்கென்று முதன்முதலாக ஏற்படுத்திய பரிசு அவருக்கே போயிற்று. பிறகு 1985-இல் மகேஷ் கோட்டாரே, தாம் இயக்கிய முதல் படமாக, அதே கதையை ‘தூம்தடாகா’ என்று மராத்திக்குக் கொண்டுவந்தார். சரத் தல்வல்கர் தகப்பனார், லக்ஷ்மிகாந்த் பேர்டே மகன். மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்கிற ரஸிகனுக்கு ஒன்று புலப்படும். மெஹ்மூத் தம் சாமர்த்தியம் தெரியும்படி நடிக்கிறார். அவர் செய்வது வித்தை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேர்டேயிடம், கதை சொல்லுகிறவனே தன் கதையில் பாதி நம்பிவிட்ட ஒரு வெகுளித்தனம் இருக்கிறது. நாகேஷுக்கு அடுத்த ஸ்தானத்தை நான் அவருக்கே கொடுப்பேன். எங்கள் புணே குடியிருப்பின் மராட்டியப் பெரியவர் ஒருவர், இந்தக் காட்சி தமிழிலிருந்து வந்தது என்று நான் சொன்னபோது, நம்பாத புணேக்காரருக்கே உரிய மரியாதையோடு, “அப்படியும் இருக்கலாம்” என்றார். அந்த ஊர் மறுப்புக்கு அதைக் காட்டிலும் கடுமையான சொல் கிடையாது.

பேர்டேயின் வெகுளித்தனத்துக்குக் கோட்டாரே முழு விலை கொடுத்தது 1993-இல் வந்த ‘ஜபாட்லேலா’வில். சாகுந்தறுவாயில் மந்திரம் ஜபித்துத் தன் உயிரை ஒரு பொம்மைக்குள் செலுத்திவிடும் தாத்யா விஞ்சு என்ற கொள்ளைக்காரனின் கதை அது. ‘சைல்ட்ஸ் ப்ளே’ என்ற அமெரிக்கப் படத்தின் கரு என்பதை மறைக்கவும் முடியாது. ஆனால் அந்தப் பொம்மையை ஆட்டுவித்தவர் ராமதாஸ் பாத்யே. தம் தகப்பனார் படைத்த அர்த்தவட்ராவ் என்ற பேசும் பொம்மையோடு மேடையேறி, மராட்டியக் குழந்தைகளைப் பல காலம் மகிழ்வித்தவர். ஆகவே பொம்மை பேசுவது மராட்டியருக்கு ஆச்சரியமே இல்லை. பேசி மகிழ்வித்த ஜாதியைச் சேர்ந்த ஒரு பொம்மை கொல்லத் துணிகிறது என்பதுதான் அவர்களைத் திகைக்க வைத்தது. பிறர் பார்க்கையில் மரமாகக் கிடந்து, தனிமையில் மட்டும் உயிர் பெறுகிற அந்தப் பொம்மையிடம் அகப்பட்டுக்கொண்ட லக்ஷ்யாவின் (பேர்டே ஏற்ற பாத்திரம்) சொல்லை ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. பேர்டேயின் பயம் உண்மை, பொம்மையின் வன்மம் உண்மை, ஊராரின் அவநம்பிக்கையும் உண்மை. இத்தனை உண்மைகளும் ஒன்றோடொன்று மோதுவதிலே பிறக்கும் சிரிப்புக்கு வசனகர்த்தாவின் தயவு வேண்டியதில்லை. மராத்தி அலைவரிசைகள் இன்றும் அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்புகின்றன. தாத்யா விஞ்சுவின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டும் வீடுகளும் உண்டு.

தமிழில் இன்று பேயும் சிரிப்பும் சேர்ந்த படங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் பெரும்பாலானவை சிரிப்புக்கு ஒரு காட்சி, பயத்துக்கு ஒரு காட்சி என்று பங்கு பிரித்துக்கொண்டு போவதால், இரு ரஸங்களும் ஒன்றையொன்று தீண்டாமலே படம் முடிந்துவிடுகிறது. 2011-இல் வந்த ‘காஞ்சனா’வில், இருட்டைக் கண்டால் தாயின் இடுப்பில் ஏறிக்கொள்ளும் வளர்ந்த மகனாக லாரன்ஸும், அவரைச் சுமக்கும் தாயாகக் கோவை சரளாவும் வரும் இடங்களை மட்டும் விலக்காகச் சொல்லலாம், அந்தப் பயத்தில் போலி இல்லை.

‘ஜபாட்லேலா’வின் இரண்டாம் பாகம் 2013-இல் முப்பரிமாணத்தில் வெளிவந்தது. விசேஷக் கண்ணாடியை மாட்டிக்கொண்டவர்களின் மூக்குக்கு நேராகவே தாத்யா விஞ்சு வந்து நின்றான். முன்னைக்கு இப்போது அவனுக்கு வேகமும் கூடியிருந்தது. ஆனால் பேர்டே 2004-ஆம் வருஷமே காலமாகிவிட்டார். பொம்மையைக் கிட்டக் கொண்டுவரக் கோட்டாரேயிடம் யந்திரம் இருந்தது. அதைக் கண்டு அவ்வளவு நேர்மையாக நடுங்கக்கூடிய நடிகர் அகப்படவில்லை.