மோரியார்ட்டியின் நெஞ்சம்

துப்பறியும் கதை தமிழர்க்குப் புதிய சரக்கன்று. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் நாவல்களை மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் படித்துத் தீர்த்த தலைமுறையொன்று நமக்கு முன் இருந்தது. குற்றவாளி யார் என்பதே அவர்களுடைய கவலை. அவன் பிடிபட்டதும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உறங்கப் போனார்கள். இன்று நம் இல்லத்து இளைஞர்களின் நிலை வேறு. குற்றவாளி யார் என்பது அவர்களுக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவன் ஏன் செய்தான் என்பதில்தான் உறக்கத்தை இழக்கிறார்கள்.

பி.பி.சி. தொலைக்காட்சி 2010 சூலை முதல் 2017 சனவரி வரை வழங்கிய ‘ஷெர்லக்’ தொடரைப் பற்றி எழுந்த வாதங்களே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயின. மொத்தம் பதின்மூன்றே பகுதிகள். ஆர்தர் கானன் டாயில் படைத்த ஷெர்லக் ஹோம்ஸை இந்த நூற்றாண்டு லண்டனில் நடமாடவிட்ட தொடர் அது. அதில் ஜிம் மோரியார்ட்டி என்னும் வஞ்சகனாக நடித்த ஆண்ட்ரூ ஸ்காட்டுக்கு 2012இல் பாஃப்டா விருது கிடைத்தது, தகுதியான விருதுதான். அம்மோரியார்ட்டியின் உள்நோக்கம் யாது என்னும் கேள்வி லண்டனில் எழுந்து, தலைநகர்த் தமிழரின் வீட்டுக் கூடம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. நம் வீட்டில் மட்டும் இதுபற்றி மூன்று கட்சிகள் உண்டு.

முதற்கண் டாயிலின் மூலத்தைக் காண்போம். 1893 திசம்பரில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வந்த கதையில்தான் பேராசிரியர் மோரியார்ட்டி முதன்முதலாகத் தோன்றுகிறார். அக்கதையிலேயே ரைகன்பாக் அருவியில் வீழ்ந்து மடிகிறார். ஹோம்ஸைக் கொன்று தம் கையைக் கழுவிக்கொள்ள டாயிலுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்கெனப் பிறந்தவரே அப்பேராசிரியர். எனவே அவருடைய உள்நோக்கத்தை ஆராய்வதைவிட ஆசிரியருடைய உள்நோக்கத்தை ஆராய்வதே எளிது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பிறவிக் குணம், குருதியில் வந்த கொடுமை என்ற அளவில் அக்கதை விளக்கத்தை முடித்துக்கொள்கிறது.

ஆனால் 1914-15இல் தொடராக வெளிவந்த ‘தி வேலி ஆஃப் ஃபியர்’ நாவலில் டாயில் ஓர் அருமையான காரியம் செய்கிறார். கணக்கு வழக்குகளோடு காலந்தள்ளும் நம்போன்றோர்க்கு அது தனி விருந்து. பேராசிரியரின் ஆண்டு ஊதியம் 700 பவுன். அவர் அறையின் சுவரிலோ க்ரூஸ் என்னும் பிரெஞ்சு ஓவியரின் படமொன்று தொங்குகிறது. அவ்வோவியர் படங்களின் விலை பல்லாயிரம் பவுன். அவருடைய கையாளான கர்னல் மோரனுக்கு அவர் அளிக்கும் ஆண்டுச் சம்பளம் 6,000 பவுன். வீட்டுச் செலவுக்கு அவர் எழுதிய காசோலைகள் ஆறு வெவ்வேறு வங்கிகளின் மேல் எழுதப்பட்டவை. வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து என்று நம் நாட்டுக் கண்காணிப்புத் துறையினர் சொல்வார்களே, அஃதே தான். ஹோம்ஸ் அங்கே நெஞ்சைத் துருவவில்லை; வரவு செலவைத் துருவுகிறார். உள்நோக்கம் பணம். அதில் மருமம் ஒன்றுமில்லை.

தொலைக்காட்சி மோரியார்ட்டியிடம் இந்தக் கணக்குச் செல்லாது. அவன் குற்றவாளிகளுக்கு ஆலோசனை கூறும் தொழிலினன் என்று சொல்லப்படுகிறது. ஆயினும் ஊதியத்தை அவன் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. 2010 ஆகஸ்டில் ஒளிபரப்பான ‘தி கிரேட் கேம்’ பகுதியில், அப்பாவிகள் உடலில் வெடிமருந்தைக் கட்டி, அவர்கள் வாயால் தன் சொற்களைப் பேசவைத்து, ஹோம்ஸுக்குப் புதிர் போடுகிறான். ஏன் என்று கேட்டால் தனக்குச் சலிப்பாக இருக்கிறது என்கிறான். பிறிதோரிடத்தில், ஹோம்ஸ் ஆடுவதைப் பார்க்க விருப்பம் என்கிறான்.

இங்குதான் இரசிகர்கள் பிரிகிறார்கள். சலிப்பே முழு விடை, பேரறிவுக்கு உலகில் வேலையின்மையே அவன் நோய் என்பர் ஒருசாரார். ஹோம்ஸின்மேல் அவன் கொண்ட வேட்கையே எல்லாவற்றுக்கும் வேர் என்பர் மற்றொரு சாரார். 2012 சனவரியில் வந்த ‘தி ரைகன்பாக் ஃபால்’ பகுதியில், மருத்துவமனையின் மாடியில் ஹோம்ஸின் கையைப் பற்றியவாறே தன்னைச் சுட்டுக்கொண்டு இறக்கிறான். அதை இவ்விரு சாராரும் தத்தமக்குச் சான்றாகக் காட்டுவது சுவையானது. மூன்றாம் கட்சிக்காரர் (நம் மகள் இக்கட்சி) கார்ல் பவர்ஸைப் பிடித்துக்கொள்கிறார்கள். கார்ல் ஒரு பள்ளி மாணவன், நீச்சல் வீரன், 1989இல் குளத்தில் இறந்தவன். அவன் தன்னைப் பார்த்துச் சிரித்தான், அதனால் அவன் சிரிப்பை நிறுத்தினேன் என்று மோரியார்ட்டி சொல்லுகிறான். ஏளனம் செய்யப்பட்ட சிறுவன் என்ற அந்த ஒற்றை இழையைக் கொண்டு ஒரு முழு வாழ்க்கையையே நெய்துவிடுகிறார்கள். ஆற்றல் மிக்க கற்பனைதான். நாமும் சிலகாலம் அதில் மயங்கினோம்.

மயக்கம் தெளிந்தது கம்பநாடரைத் திரும்பப் படித்தபோது. கூனிக்கும் ஒரு கார்ல் பவர்ஸ் உண்டு. இராமன் சிறுவனாய் இருந்த நாளில் வில்லில் மண்ணுருண்டை வைத்து அவள் முதுகின்மேல் எய்து விளையாடினான். அந்தப் பழைய வடுவை அவள் மறக்கவில்லை. மந்தரை சூழ்ச்சிப் படலத்தில் கம்பர் இதனை மறைக்கவில்லை. ஆனால் அங்கே குடியிருக்கவுமில்லை. காரணத்தைச் சொன்ன கையோடு மேலே நடக்கிறார். கைகேயியின் மனம் எவ்வாறு படிப்படியாகத் திரிந்தது, தயரதன் எவ்வாறு வீழ்ந்தான், நகர் நீங்கு படலத்தில் அயோத்தியின் ஆண்களும் பெண்களும் எவ்வாறு கதறினர் என்பவற்றுக்கே தம் பாடல்களை வாரி வழங்குகிறார். எதற்கு எத்தனை பாடல் என்ற அளவறிந்தவர் அவர். கூனியின்மேல் நமக்கு ஒரு கணம் இரக்கம் வரவும் செய்கிறது. அதனால் அயோத்தியின் அழுகை நம் காதில் குறைந்து ஒலிக்கவில்லை.

‘ஷெர்லக்’ தொடரில் அந்த அளவு தவறிவிட்டது என்பதே நம் கருத்து. வெடிமருந்து கட்டப்பட்டவர்களில் ஒருவர் கண்பார்வையற்ற மூதாட்டி. ஹோம்ஸ் புதிரை உரிய நேரத்தில் விடுவித்துவிடுகிறார். ஆயினும் அம்மூதாட்டி, தம்மைப் பேசவைத்தவனின் குரலைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார், உடனே வெடிக்கிறது. கட்டடத்திலிருந்த பன்னிருவர் மடிந்ததாகச் செய்தி வருகிறது. எரிவாயுக் கோளாறு என்று காரணம் கற்பிக்கப்படுகிறது. வாட்சன் கொதித்துப் பேசுகிறார். கவலைப்பட்டால் அவர்களைக் காப்பாற்ற முடியுமா என்று ஹோம்ஸ் திருப்பிக் கேட்கிறார். மறுகணம் அடுத்த புதிர் வந்துவிடுகிறது. அந்தப் பன்னிருவருக்கு அதற்குமேல் கதையில் இடமில்லை.

இரசிகர் வாதங்களிலும் இடமில்லை. மூன்று கட்சியாரும் மணிக்கணக்கில் வாதிட்டதைக் கேட்டிருக்கிறோம். அம்மூதாட்டியை ஒருவரேனும் குறிப்பிட்டதில்லை. உள்நோக்கத்தைத் தேடும் முயற்சி, சிறிது சிறிதாக, குற்றவாளிக்கு வழக்குரைக்கும் முயற்சியாக மாறிவிடுகிறது. ஏன் செய்தான் என்று கேட்கத் தொடங்கியவர்கள், பாவம் அவன் வேறென்ன செய்வான் என்பதில் வந்து நிற்கிறார்கள்.

இளைஞர்களை மட்டும் குறைகூற நமக்குத் தகுதியில்லை. பல்லாண்டுகளுக்கு முன் நம் அலுவலகப் பிரிவொன்றில் மொட்டைக் கடிதங்கள் வரத் தொடங்கின. ஒன்றன்பின் ஒன்றாக, நுட்பமாக, பாதி உண்மையும் பாதிப் பொய்யும் கலந்து எழுதப்பட்ட கடிதங்கள். அவற்றின் விளைவாக, வாய்பேசாத நல்லவர் ஒருவர் எட்டு மாதம் இடைநீக்கத்தில் இருந்தார். எழுதியவர் யார் என்பது பின்னர்த் தெரிந்துவிட்டது. அதன்பின் தேநீர் வேளையில் எங்கள் பேச்சு முழுவதும் அவர் ஏன் எழுதினார் என்பதே. பணிமூப்புப் பட்டியலில் பின்தள்ளப்பட்டதாலா? திருமண வீடொன்றில் யாரோ அவமதித்ததாலா? பழைய கைம்மாற்றுக் கடனா? ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் கொள்கை. அவருடைய அறிவைப் பற்றி வியப்புங்கூட எழுந்தது. நாமும் அக்கூட்டத்தில் இருந்தோம். சில கொள்கைகள் நம்முடையவை. இடைநீக்கத்தில் இருந்தவருடைய வீட்டுக்கு அந்த எட்டு மாதத்தில் நாம் சென்றது ஒரே முறை. அதுவும் பீரோச் சாவியொன்றைக் கேட்டு வாங்கி வருவதற்காக. அவர் மனைவி காப்பி கொடுத்தார். உட்கார நேரமில்லை என்று சொல்லிவிட்டு வந்தோம்.

தொடரின் முடிவுக்கு வருவோம். 2017இல் வந்த ‘தி ஃபைனல் ப்ராப்ளம்’ பகுதியில், சிறைத்தீவில் அடைபட்டிருந்த ஹோம்ஸின் தங்கை யூரஸ் ஐந்தே நிமிடம் மோரியார்ட்டியைத் தனிமையில் சந்தித்ததாகவும், அங்கே இருவரும் சேர்ந்து சூழ்ச்சி வகுத்ததாகவும் காட்டினார்கள். ஏழாண்டு வாதிட்ட இரசிகர் பலர்க்கு இது பெருத்த ஏமாற்றம். கட்டுக்கோப்புக் குறைவு என்பது அவர்கள் குறை. அதில் நியாயம் உண்டு. நமக்கோ வேறு குறை. அத்தங்கை சிறைத்தலைவரின் மனைவியைச் சுட்டுக் கொல்கிறாள். சகோதரர் மூவரைக் கட்டித் தொங்கவிட்டுக் கடலில் வீழ்த்துகிறாள். குழந்தைப் பருவத்தில் அண்ணனின் தோழனான ஒரு சிறுவனைக் கிணற்றில் மூழ்கவிட்டவள். காரணம் கேட்டால் தனிமை. தன்னோடு விளையாட யாருமில்லை. அண்ணன் அணைத்துக்கொள்கிறான், பின்னர்ச் சிறைக்குச் சென்று அவளோடு வயலின் வாசிக்கிறான், பெற்றோரும் அமர்ந்து கேட்கிறார்கள். இசை இனிமையானதுதான். அந்தச் சகோதரர் மூவருக்கும் பெற்றோர் உண்டோ இல்லையோ, கதை கேட்கவில்லை. டாயில் பேராசிரியரின் காசோலைகளை எண்ணிப் பார்த்ததில் ஒரு வறட்சி உண்டு. ஆனால் அந்த வறட்சி இந்த அணைப்பைவிட நேர்மையானது என்றே நமக்குப் படுகிறது.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘தி கிரேட் கேம்’ பகுதியை வீட்டில் மீண்டும் போட்டார்கள். கட்டிலில் அமர்ந்து நடுங்கும் அம்மூதாட்டியைக் காட்டினார்கள். “இன்னுங் கொஞ்ச நேரந்தான், ஜிம் வந்துடுவான்” என்றாள் மகள். அம்மூதாட்டியின் பெயரை எங்கேனும் சொல்கிறார்களா என்று இம்முறை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். சொல்லவில்லை. அவன் குரல் மிக மென்மையானது என்று மட்டும் அவர் சொன்னார். அடுத்த சொல்லுக்கு அவருக்கு நேரமில்லை.