மனை வாங்குகிறவர்களும் வீடு தேடுகிறவர்களும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சியைப் போட்டால் "சென்னைக்கு மிக அருகில்" என்ற வாசகத்திலிருந்து தப்ப முடியாது. சீரியல் நடிகர் ஒருவர் வெறும் வெளியில் கையை விரித்தபடி நடந்து வருவார். இடம் எங்கே என்று கூர்ந்து பார்த்தால் அச்சிறுபாக்கம், ஒலக்கூர், திண்டிவனம். சில நேரம் விழுப்புரத்துக்கே வந்துவிடும். எழும்பூரிலிருந்து ரயிலில் திண்டிவனம் சுமார் 120 கிலோமீட்டர், விழுப்புரம் ஏறக்குறைய 160. இலங்கையில் கொழும்புக் கோட்டையிலிருந்து காலியும் மாத்தறையும் கிட்டத்தட்ட இதே தூரங்களில் இருக்கின்றன. காலியில் காணி விற்கிற யாரும் அதைக் கொழும்புக்கு அருகில் என்று சொல்லத் துணிவதில்லை. ஆனால் காலியிலிருந்து கொழும்புக்கு அன்றாடம் அலுவலகம் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே 'சமுத்திர தேவி' என்ற ரயில் காலையில் கொழும்பு மருதானைக்கு வந்து மாலையில் திரும்புகிறது. இங்கே நாம் அருகில் என்று சொல்லி விற்கிறோம். வாங்கியவர்களில் எத்தனை பேர் அங்கே குடியிருந்து சென்னைக்குப் போய்வருகிறார்கள் என்று விசாரித்தால் பதில் மங்கலாகத்தான் வரும்.

நகரத்தில் வேலை, புறத்தே குடித்தனம் என்ற ஏற்பாடு இரண்டு நாட்டிலும் உண்டு. அதற்கு இடம் தேர்ந்தெடுக்கும் முறைதான் வேறு. நம் பக்கம் முதலில் மனை வாங்குகிறோம். வாழ்க்கை பிறகு வந்து சேரும் என்று நம்புகிறோம். இலங்கையில், குறிப்பாகக் கொழும்பைச் சுற்றி, பிள்ளையின் பள்ளிக்கூடமும் ரயில் நிலையமும் முதலில் வருகின்றன. வீடு அவற்றுக்குப் பின்னால் போகிறது. என்னைக் கேட்டால் அவர்கள் வரிசைதான் சரி. அதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மனை பார்க்கப் போகும் சடங்கை அறியாத சென்னைக் குடும்பம் குறைவு. தாம்பரத்திலிருந்து இலவச வேன். வழியில் டிபன், சைட்டில் மதியச் சாப்பாடு. திண்டிவனம் தாண்டியதும் நெடுஞ்சாலையை விட்டிறங்கி ஒரு கிளைச்சாலை. அதன் முனையில் சிமெண்டு ஆர்ச், அதில் ஏதோ ஒரு நகர். உள்ளே செம்மண் பாதைகளின் இரு பக்கமும் வெள்ளை அடித்த கற்கள், தலையில் சிவப்பு வண்ணம், அதன் மேல் மனை எண். கயிற்றில் கட்டிய கலர்க் கொடிகள் காற்றில் படபடக்கும். பூங்கா என்று பலகை வைத்த இடத்தில் முள்செடி. போன வருஷம் வரை அங்கே மல்லாட்டை போட்டிருப்பார்கள். திண்டிவனத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.எம்.வி. நிலக்கடலை ரகங்களுக்குப் பெயரே இந்த ஊரால் வந்தது என்பது மனை வாங்க வருகிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. "சார், பின்னாடியே சிப்காட் வருது, அஞ்சே வருஷத்துல டபுள் ஆகும்" என்பார் ஏஜென்ட். அன்றே முன்பணம் கட்டினால் தங்கக் காசு.

வேனில் வந்தவர்கள் காகிதங்களைப் பற்றிக் கேட்பார்கள், நன்றாகவே கேட்பார்கள். பட்டா யார் பெயரில், தாய்ப்பத்திரம் இருக்கிறதா, வில்லங்கச் சான்று எத்தனை வருஷத்துக்கு, டிடிசிபி அப்ரூவலா பஞ்சாயத்து அப்ரூவலா, ரெரா எண் என்ன. இது பட்டுத் தெரிந்த பாடம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று உத்தரவிட்டபோது, பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தை நம்பி வாங்கியவர்கள் தவித்துப்போனார்கள். 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்த பிறகுதான் ஓரளவு மூச்சுவிட்டார்கள். அதனால் காகிதத்தில் நாம் உஷார். ஆனால் பக்கத்துப் பள்ளிக்கூடம் எது, காலை ஆறு மணிக்குப் பேருந்து உண்டா, இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே ஓடுவது என்று அந்த வேனில் யாராவது கேட்டால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே யாருமே குடியிருக்க வரவில்லை. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வந்திருக்கிறார்கள்.

இலங்கையிலும் காணி ஆசை குறைவில்லை. அங்கே கணக்கு பேர்ச்சில். 160 பேர்ச் ஓர் ஏக்கர், யாழ்ப்பாணத்தில் பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. உறுதியை நொத்தாரிசு எழுதுவார், சட்டத்தரணி பழைய உறுதிகளைத் துருவுவார். இதெல்லாம் நம் பத்திர எழுத்தர், வக்கீல் வேலைதான். வித்தியாசம் தொடங்குவது பிள்ளைக்கு நாலு வயதாகும்போது.

அங்கே அரசுப் பாடசாலையில் தரம் ஒன்றுக்குப் பிள்ளையைச் சேர்க்கக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் சுற்றறிக்கை வெளியிடும். கிட்டத்தட்டப் பாதி இடங்கள் அருகில் வசிப்பவர்களுக்கு. மிச்சத்தில் பழைய மாணவர்களின் பிள்ளைகள், அங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகள் என்று பங்கீடு. அருகில் வசிப்பதற்குப் புள்ளி உண்டு. வீட்டு உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், பல ஆண்டு வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர், மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல் எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கிக்கொண்டு நேர்முகப் பரீட்சைக்குப் போக வேண்டும். வீட்டுக்கும் விண்ணப்பித்த பள்ளிக்கும் உள்ள தூரத்தைவிடக் கிட்டத்தில், பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரசுப் பள்ளிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். இதற்காக வரைபடத்தில் தங்கள் வீட்டை மையமாக வைத்துக் கவராயத்தால் வட்டம் போட்டுப் பார்க்கிற பெற்றோர்கள் உண்டு. வட்டத்துக்குள் இன்னொரு பள்ளி விழுந்துவிட்டால் அந்த வீடு வேண்டாம். "பிள்ளேன்ர ஸ்கூலுக்குக் கிட்ட ஒரு வீடு எடுக்கோணும்" என்பது கொழும்புத் தமிழ் வீடுகளில் கல்யாணமான சில வருஷத்திலேயே தொடங்கிவிடுகிற பேச்சு.

கொழும்புத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் விலை எட்டாத உயரத்தில் இருந்தும் ஏன் மாடிமேல் மாடியாக அடுக்கி வாழ்கிறார்கள்? சைவ மங்கையர் வித்தியாலயம், கொழும்பு இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி எல்லாம் ஒரே நீட்டில் இருக்கின்றன. கோயில் இருக்கிறது, தமிழில் பேசும் கடை இருக்கிறது, கரையோரமாக ரயில் போகிறது. இவை போக, பயம் என்ற காரணமும் இருந்தது. போர்க்காலத்தில் தமிழர் வாடகைக்கு வந்தால் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். 2007 ஜூன் 7 அன்று விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பிடித்துப் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அப்படி ஒரு காலத்தைக் கண்டவர்கள், கம்பஹாவில் பத்துப் பேர்ச் காணி மலிவாகக் கிடைக்கிறது என்றாலும் யோசிக்கத்தான் செய்வார்கள். தம்மவர் தெருவில் இருந்தால்தான் தூக்கம் வரும். குடும்பத்துக்கு ஏற்ற அக்கம்பக்கம் என்பதற்கு அவர்கள் கொடுத்த பொருள் அது.

அக்கம்பக்கத்தில் யார் என்ற கேள்வி நம் ஊரில் இல்லை என்று மார்தட்டிக்கொள்ள வேண்டாம். விழுப்புரத்தில் வாடகை வீடு பார்க்கப் போனால், எத்தனை பேர், என்ன வேலை என்பதற்குப் பிறகு மூன்றாவதாக வருகிற கேள்வி "நீங்க என்ன ஆளுங்க?" அதற்குச் சொல்லும் பதிலில் வாடகை கூடும், குறையும், அல்லது வீட்டுக்காரர் மகன் திடீரென்று ஊரிலிருந்து வருவதாகிவிடும். புதிய மனைப்பிரிவுகளுக்கு உள்ள ஒரே நல்ல குணம் இந்தக் கேள்வி அங்கே கொஞ்சம் தளர்ந்திருப்பதுதான். காசு கொடுத்தவனுக்கு மனை.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பள்ளியை முன்னிட்டு யாரும் வீடு மாறுவதில்லை, பள்ளிதான் வேனை அனுப்புகிறது. மஞ்சள் வேன் இருபது கிலோமீட்டர் சுற்றி மயிலம், விக்கிரவாண்டி, கோலியனூர்க் கிராமங்களையெல்லாம் கூட்டிப்போகிறது. நம் சட்டத்தில் தூரம் கணக்குக்கு வரும் இடம் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் வீடு இருப்பவர்களுக்கு முன்னுரிமை. மற்றபடி கட்டணம்தான் தூரம். இலங்கைப் பிள்ளை, ஏழரை மணிக்குத் தொடங்கும் பள்ளி ஒன்றரை மணிக்கு விட்டதும், வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறது. நம் பிள்ளை ஏழு மணிக்கு வேன் ஏறி ஐந்தரைக்கு இறங்குகிறது. அங்கே விதி வீட்டைப் பள்ளியை நோக்கி இழுக்கிறது. அதன் விலையாகப் பொய் வாடகை ஒப்பந்தமும், உறவினர் முகவரியில் வாக்குப் பதிவும், பெயர்பெற்ற பள்ளியைச் சுற்றி ஏழை குடியிருக்க முடியாத நிலையும் வந்திருக்கின்றன. பின்னால் சொல்கிறேன் என்றது இதைத்தான்.

போக்குவரத்தில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுகிறது. இந்திய ரயில்வேயில் சீசன் டிக்கெட் பொதுவாக 150 கிலோமீட்டர் வரைதான். எழும்பூருக்குத் திண்டிவனம் அந்தக் கோட்டுக்கு உள்ளே, விழுப்புரம் வெளியே. தாம்பரம் வரை என்றால் விழுப்புரமும் உள்ளே வந்துவிடும். இன்னொரு பக்கம், விழுப்புரம் பெரிய சந்திப்பு. திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரிப் பாதைகள் பிரிகிற இடம். வந்தே பாரத்தும் நிற்கும். திண்டிவனத்தில் பல ரயில்கள் விசிலடித்துக்கொண்டு போய்விடும். புறநகர் மின்ரயில்களில் மிகப் பெரும்பாலானவை செங்கல்பட்டைத் தாண்டுவதில்லை. அதற்குப் பிறகு நமக்கு வாய்த்தது மெமுவும் முன்பதிவில்லாப் பெட்டியும். விடியற்காலை மெமுவில் திண்டிவனத்திலிருந்து தாம்பரம் போய்ச் சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். இலங்கையில் புறநகர், வெளியூர் என்ற பிரிவு இவ்வளவு கறாராக இல்லை. பொல்காவலை, சிலாபம், அளுத்கம, அவிசாவளை என்று நாலு பாதையிலும் அலுவலக ரயில்கள் விடியலில் கிளம்புகின்றன. டீசல் வண்டி, வாசலில் தொங்கும் கூட்டம், அடிக்கடி தாமதம். சுகம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ரயிலை நம்பி ஒரு குடும்பம் வேயங்கொடையிலோ களுத்துறையிலோ வீடு எடுக்கலாம், எடுக்கிறார்கள். முடியாதவர்கள் கொழும்பில் 'போர்டிங்' எடுத்துத் தங்கி வெள்ளிக்கிழமை மாலை ஊர் திரும்புகிறார்கள். நம் திருவல்லிக்கேணி மேன்சனும் வேளச்சேரி பி.ஜி.யும் அதே ஏற்பாடுதான்.

இங்கே பேருந்து நிலைமை 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு மாறியது. நகரத்துக்குள் வேலை உள்ளவர்கள் அதைத் திட்டுகிறார்கள். மறைமலை நகர், மகேந்திரா சிட்டி, ஒரகடம் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கோ பழைய கோயம்பேடு நிலையம் என்றுமே தேவைப்பட்டதில்லை. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். அந்த விரிந்த எல்லையும் திண்டிவனத்தைத் தொடவில்லை. விளம்பரம் மட்டும் தொட்டுவிட்டது.

தண்ணீரைப் பற்றி இரண்டு நாட்டுக்காரர்களும் ஒரே மாதிரி அசட்டையாக இருந்தார்கள். இலங்கையில் 2016 மே மாதம் களனி ஆறு பொங்கியபோது கொலன்னாவையும் அதன் சுற்றுப்புறமும் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அதைவிடக் கொடுமையாக வந்தது. இங்கே 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து நகராமல் நின்றதில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி ரயில்கள் நின்றன. அரசூரில் தென்பெண்ணை வெள்ளம் ஏறி நெடுஞ்சாலை அடைபட்டது. அந்த வாரம் எந்த மனைப்பிரிவில் கல் தெரிந்தது, எதில் தெரியவில்லை என்பதைப் பக்கத்துக் கிராமத்து ஆடு மேய்க்கிறவர் சொல்வார். வில்லங்கச் சான்றில் அது இருக்காது.

இனி என் தீர்ப்பு. வேலை செங்கல்பட்டு, மகேந்திரா சிட்டி, மறைமலை நகர் வட்டாரத்தில் என்றால் திண்டிவனத்தில் குடியிருக்கலாம், ஊருக்குள்ளேயே, ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில். பத்துக் கிலோமீட்டர் தள்ளிய ஆர்ச்சுக்குள் அல்ல. வேலை புதுச்சேரியில் என்றால் விழுப்புரம் நல்ல ஊர். நாற்பது கிலோமீட்டருக்குள் பயணம் முடியும், முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கலைக் கல்லூரியும் சட்டக் கல்லூரியும் இருக்கின்றன, எந்தத் திசைக்கும் ரயில் கிடைக்கும். வேலை சென்னை நகருக்குள் என்றால் இரண்டும் வேண்டாம். ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ வாடகைக்கு இருங்கள். மனை வாங்கியே தீருவதென்றால், கம்பெனி வேனில் ஞாயிற்றுக்கிழமை போகாமல், மழைக்காலத்துத் திங்கட்கிழமை ஒன்றில் உங்கள் செலவில் பேருந்து ஏறி, கணவன் மனைவி இருவருமாகப் போய்ப் பாருங்கள்.